பச்சைக் குறி எதைச் சொல்கிறது? மின்னஞ்சல் கையொப்பம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு திறமூல நிரல் நூலகத்தைப் பராமரிக்கிறோம். புதியவர் ஒருவர் பிஜிபி (மடலை ஒப்பமிடும் ஒரு முறை) கையொப்பத்தோடு ஒரு பேட்ச் (நிரலில் செய்யவேண்டிய மாற்றம்) அனுப்பினார். அந்தக் கையொப்பத்தை க்னூபிஜி என்ற நிரலில் சரிபார்த்தால் ‘குட் சிக்னேச்சர்’ என்கிறது. அதற்குக் கீழேயே, இந்தச் சாவிக்கு நம்பகமான சான்று இல்லை என்று எச்சரிக்கிறது. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது?

பதில்: இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாவிக்கு இரண்டு பகுதிகள்: ஒப்பமிட ரகசியமான தனிப்பகுதி, சரிபார்க்க எல்லோருக்கும் கொடுக்கும் பொதுச்சாவி. முதல் வரி கணக்கு சம்பந்தப்பட்டது. உள்ளடக்கத்தில் ஒரு பைட்கூட மாறவில்லை, இந்தச் சாவியின் தனிப்பகுதியை வைத்திருப்பவர்தான் ஒப்பமிட்டார் என்கிறது. இரண்டாவது வரி ஆள் சம்பந்தப்பட்டது. அந்தச் சாவி அவருடையதுதான் என்பதற்கு உங்கள் கணினியிடம் ஆதாரம் இல்லை என்கிறது. சாவியில் தெரியும் பெயரும் முகவரியும் அதை உருவாக்கியவர் தட்டச்சு செய்தவை. யார் பெயரில் வேண்டுமானாலும் யாரும் ஒரு சாவியை ஒரு நிமிடத்தில் உருவாக்கிவிடலாம்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு விரல்ரேகையை, அதாவது சாவியிலிருந்தே கணக்கிடப்படும் அடையாள எண்ணைப் பாருங்கள். எச்சரிக்கைக்குக் கீழே நான்கு நான்கு எழுத்தாகப் பத்துத் தொகுதிகள் இருக்கும், ஐந்தாவதற்குப் பின் கொஞ்சம் அகலமான இடைவெளியோடு. மொத்தம் 40 பதினாறடிமான இலக்கங்கள் (0-9, A-F). அந்த 40-ஐயும் ஒப்பிட வேண்டும். கடைசி 8 இலக்கங்களை மட்டும் பார்க்கும் பழைய வழக்கம் இன்னும் பலரிடம் இருக்கிறது. 8 இலக்கம் என்றால் 32 பிட், அதாவது ஏறத்தாழ 429 கோடி வாய்ப்புகள்தான். சாதாரண கணினியை ஓடவிட்டே அதே 8 இலக்கத்தில் முடியும் இன்னொரு சாவியைத் தயாரிக்கலாம் என்று 2014-லேயே செய்து காட்டிவிட்டார்கள்.

ரேகையை வேறொரு வழியில் உறுதி செய்தபிறகு, ‘எல்சைன்-கீ’ கட்டளையால் அந்தச் சாவிக்கு உங்கள் கணினிக்குள் மட்டும் செல்லும் சான்று கொடுங்கள். எச்சரிக்கை போய்விடும். எச்சரிக்கையை நிறுத்துவதற்காகச் சிலர் அந்தச் சாவியின் நம்பிக்கை அளவை ‘அல்டிமேட்’ என்று வைக்கிறார்கள். அது உங்கள் சொந்தச் சாவிக்கு மட்டும் உரியது. இன்னொருவர் சாவிக்கு அதைக் கொடுத்தால், அவர் சான்றளித்த எல்லாச் சாவிகளையும் நீங்களே சரிபார்த்ததாக க்னூபிஜி எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: பொதுச்சாவியை எங்கிருந்து எடுப்பது? மடலோடே இணைத்து அனுப்புகிறார்களே, அது போதாதா?

பதில்: போதாது. போலி மடல் அனுப்புகிறவர் போலிச் சாவியையும் சேர்த்தே அனுப்புவார். ஒரே வழியில் வந்த இரண்டில் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாக முடியாது.

திட்டமே பராமரிக்கும் சாவித்தொகுப்பு இருந்தால் அதுதான் முதலிடம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில் உருவாக்குநர்களின் சாவிகள் ‘டெபியன்-கீரிங்’ என்ற தொகுப்பாகவே கிடைக்கின்றன. அங்கே பொதுத் தீர்மானங்களுக்கான வாக்குகளே ஒப்பமிட்ட மின்னஞ்சலாகத்தான் போகின்றன, அதனால் தொகுப்பை அக்கறையோடு வைத்திருக்கிறார்கள். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் பக்கம், 2011 ஆகஸ்டில் கெர்னல்.ஆர்க் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்தது தெரியவந்தபிறகு, உருவாக்குநர்கள் ஒருவர் சாவிக்கு ஒருவர் சான்றளித்து ஒரு நம்பிக்கை வலையைக் கட்டினார்கள். அந்தச் சாவிகள் இப்போது ஒரு கிட் (நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கருவி) களஞ்சியத்தில் இருக்கின்றன.

அடுத்தது டபிள்யூகேடி என்ற முறை. முகவரியின் டொமைனே தன் இணையதளத்தில் சாவியை வைத்திருக்கும், க்னூபிஜி தானாகப் போய் எடுத்துவரும். டொமைனை நம்பும் அளவுக்குத்தான் இதையும் நம்பலாம். கீஸ்.ஓப்பன்பிஜிபி.ஆர்க் சர்வர், முகவரிக்கு ஒரு மடல் அனுப்பி உறுதி பெற்ற பிறகே அந்த முகவரியால் தேடினால் சாவி கிடைக்கும்படி வைக்கிறது. பழைய வகைச் சாவி சர்வர்களில் யாரும் எதையும் ஏற்றலாம். 2019 ஜூனில் இருவருடைய சாவிகளில் பல்லாயிரக்கணக்கான குப்பைச் சான்றுகளை யாரோ ஒட்டிவிட, அவற்றை இறக்கியவர்களின் க்னூபிஜி திணறி நின்றது. அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

முன்பின் தெரியாத புதியவர் என்றால் அவர் நிஜப் பெயரைத் துருவுவதில் பயன் குறைவு என்பது எங்கள் கருத்து. போன மாதம் மூன்று நல்ல பேட்ச் அனுப்பியவரேதான் இவரா என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். முதல் மடலிலேயே அவருடைய ரேகையைக் குறித்து வைத்துக்கொண்டால் அது தெரிந்துவிடும்.

கேள்வி: நீண்டநாள் பங்களிப்பாளர் ஒருவரின் மடல் எங்கள் மடற்குழு (மெயிலிங் லிஸ்ட்) வழியாக வந்தால் ‘பேட் சிக்னேச்சர்’ என்று காட்டுகிறது. அவரே நேராக அனுப்பினால் சரியாக இருக்கிறது. யாராவது இடையில் புகுந்து மாற்றுகிறார்களா?

பதில்: மாற்றுகிறார்கள், ஆனால் அநேகமாக அது உங்கள் மடற்குழு மென்பொருளேதான். கையொப்பத்துக்கு ஒரு இடைவெளி மாறுவதும் ஒரு வரி நிரல் மாறுவதும் ஒன்றுதான். கெட்ட எண்ணத்தையும் பழுதான சர்வரையும் அது பிரித்துச் சொல்லாது.

வழக்கமாக எங்கே உடையும் என்று பார்ப்போம். குழு விலகல் பற்றிய அடிக்குறிப்பை ஒப்பமிட்ட பகுதிக்குள்ளேயே ஒட்டுவதுதான் அதிகம் நடப்பது. பிஜிபி/மைம் முறையில் மடல் இரண்டு பகுதிகளாக வரும், முதலாவது உள்ளடக்கம், இரண்டாவது கையொப்பம். அடிக்குறிப்பு தனிப் பகுதியாக வெளியே நின்றால் பாதிப்பில்லை. சில அலுவலக மடல் சர்வர்கள் அந்த அமைப்பையே பிரித்து வேறு வடிவில் கட்டி அனுப்புகின்றன. ஆங்கிலமல்லாத எழுத்துகள் இருக்கும் மடலை வழியில் ஒரு சர்வர் வேறு குறியாக்கத்துக்கு மாற்றினாலும் போச்சு. இன்னொன்று கண்ணில் சட்டென்று படாதது. பல மடல்களை ஒன்றாகச் சேமிக்கும் எம்பாக்ஸ் கோப்பில் ஒவ்வொரு மடலும் ‘ஃப்ரம்’ என்ற சொல்லோடு தொடங்கும் வரியால் பிரிக்கப்படுகிறது. மடலின் உடலுக்குள் ஒரு வரி அதே சொல்லில் தொடங்கினால், குழப்பம் வராதிருக்க அதன் முன்னால் ஒரு ‘>’ குறியை மென்பொருள் சேர்த்துவிடும். அந்த ஒரு குறி போதும், கையொப்பம் உடைந்துவிடும்.

கையாலேயே சரிபார்த்துவிடலாம். மடலின் மூல வடிவத்தைச் சேமியுங்கள். திரையில் தெரிவதை நகலெடுத்து ஒட்டினால் இடைவெளிகளும் டேப்களும் மாறிவிடும், அது உதவாது. பகுதிகளைப் பிரிக்கும் முதல் எல்லைக்கோட்டு வரிக்கு அடுத்த வரியிலிருந்து, அந்தப் பகுதிக்குரிய ஹெடர்களையும் (தலைப்பு வரிகள்) சேர்த்து, அடுத்த எல்லைக்கோட்டுக்கு முன்னால் வரை வெட்டி ஒரு கோப்பில் போடுங்கள். அந்த எல்லைக்கோட்டுக்கு நேர் முன்னால் இருக்கும் வரிமுறிப்பு எல்லைக்கோட்டுக்குச் சொந்தம், அதைச் சேர்க்கக் கூடாது. பலர் தடுக்கி விழும் இடம் இது. பிறகு வரிமுடிவுகள் எல்லாவற்றையும் ‘யூனிக்ஸ்2டாஸ்’ கருவியால் சிஆர்எல்எஃப் (விண்டோஸ் பாணி வரிமுடிவு) ஆக்குங்கள், ஒப்பம் அந்த வடிவத்தின் மீதுதான் இடப்படுகிறது. கையொப்பப் பகுதியைத் தனிக் கோப்பாக வைத்து, ஜிபிஜியின் (க்னூபிஜியைக் கட்டளையாக அழைக்கும் பெயர்) ‘வெரிஃபை’ கட்டளைக்கு முதலில் கையொப்பக் கோப்பையும் அடுத்து உள்ளடக்கக் கோப்பையும் கொடுங்கள்.

இரண்டு வழியில் வந்த பிரதிகளும் உங்களிடம் இருப்பதால் அவற்றை ‘டிஃப்’ கருவியால் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் அடிக்குறிப்பிலோ வரிக்கடைசி இடைவெளியிலோ மட்டும் இருந்தால் குழு மென்பொருளின் அமைப்பைத் திருத்துங்கள். நிரல் வரி ஒன்று மாறியிருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மூலக் கோப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, அனுப்பியவரை வேறு வழியில் தொடர்புகொள்ளுங்கள்.

கேள்வி: பேட்ச் அனுப்பும்போது எந்த வகைக் கையொப்பம் போடுவது? மடலுக்குள்ளேயே போடும் பிஜிபி உரைக் கையொப்பத்தோடு அனுப்பினேன். பேட்ச் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: உரைக் கையொப்பம் பேட்சுக்கு ஆகாது. அந்த முறையில், கோடு (-) போட்டுத் தொடங்கும் எந்த வரிக்கும் முன்னால் இன்னொரு கோடும் ஓர் இடைவெளியும் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஒரு பேட்சில் நீக்கப்படும் வரிகள் எல்லாமே கோட்டில்தான் தொடங்குகின்றன. ‘-’ என்று இருந்தது ‘- -’ ஆகிறது, ‘---’ என்ற பிரிப்பு வரி ‘- ---’ ஆகிறது. மடலில் வந்த பேட்சைச் சேர்க்கும் ‘கிட் ஏஎம்’ கட்டளை அதைப் புரிந்துகொள்ளாது. வரிக்கடைசியில் உள்ள இடைவெளிகள் இந்த முறையில் ஒப்பத்தின் கணக்கிலேயே சேராது என்பது இன்னொரு குறை.

பிஜிபி/மைம் இதைவிட மேல். ஆனாலும் அதில் ஒரு ஓட்டை உண்டு. ‘சப்ஜெக்ட்’, ‘ஃப்ரம்’ முதலிய வெளி ஹெடர்களை அது வழக்கமாகக் காப்பதில்லை. ‘சரி, சேர்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் ஒப்பமிட்டு நீங்கள் அனுப்பிய மடலை, வேறு தலைப்பின் கீழ் ஒருவர் மறுபடி அனுப்பினால் கையொப்பம் அப்போதும் சரியாகவே இருக்கும். எதைச் சேர்க்கலாம் என்று உடலிலேயே எழுதுங்கள். பேட்சின் பெயர், எத்தனையாவது பதிப்பு, முடிந்தால் மெசேஜ்-ஐடி (ஒவ்வொரு மடலுக்கும் உரிய தனி அடையாளம்).

பேட்சுக்கென்றே செய்யப்பட்டது ‘பேட்டாட்’ என்ற கருவி. கெர்னல் உருவாக்குநர்கள் பயன்படுத்துவது. கையொப்பத்தை ‘எக்ஸ்-டெவலப்பர்-சிக்னேச்சர்’ என்ற ஹெடரில் வைக்கிறது. அனுப்புநர், தலைப்பு, உடல் எல்லாம் அதில் அடங்கும். பேட்சின் உரையில் ஓர் எழுத்தும் கூடாது, குறையாது. கருவி இல்லாதவருக்கு அது சாதாரண மடல்தான். ஓப்பன்பிஜிபி, எட்25519, ஓப்பன்எஸ்எஸ்ஹெச் ஆகிய மூன்று வகைச் சாவிகளும் செல்லும். களஞ்சியத்துக்குள் ‘இன்ஸ்டால்-ஹுக்’ கட்டளையை ஒருமுறை கொடுத்துவிட்டால், பேட்சை மடலாக அனுப்பும் ‘கிட் சென்ட்-ஈமெயில்’ ஒவ்வொரு முறையும் தானே ஒப்பமிடும். அனுப்பும் முன்பு உங்களுக்கே ஒரு மடல் அனுப்பி, ‘வேலிடேட்’ கட்டளையால் பாருங்கள். உங்கள் மடல் சர்வர் டேப்களை இடைவெளிகளாக மாற்றுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

பெறும் பக்கத்தில் ‘பி4’ கருவி. மெசேஜ்-ஐடியைக் கொடுத்தால் பேட்ச் தொடரைக் காப்பகத்திலிருந்து எடுத்து, ஒவ்வொரு பேட்சுக்கும் ✓ அல்லது ✗ போடும். அதன் இயல்பான கொள்கை ‘சாஃப்ட்ஃபெயில்’. ✗ இருந்தாலும் கோப்பைத் தயாரித்துக் கொடுத்துவிடும். தோல்வி என்றால் நின்றே ஆக வேண்டும் என்றால் ‘ஹார்ட்ஃபெயில்’ வையுங்கள். 30 நாளுக்கு மேல் பழைய கையொப்பத்தை அது ஏற்காததற்கும் காரணம் உண்டு. பிறகு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பழைய பேட்சை, அதன் உண்மையான கையொப்பத்தோடே ஒருவர் மீண்டும் அனுப்பலாம். கணக்குப்படி அது சரியான ஒப்பம்தான், காலக்கெடுதான் அதைத் தடுக்கிறது.

பங்களிப்பாளர்களின் சாவிகளைக் களஞ்சியத்திலேயே, புள்ளியில் தொடங்கும் ‘கீஸ்’ கோப்புறையில் வைக்கலாம். அந்தக் கோப்புறையைத் தொடும் கமிட்டை (களஞ்சியத்தில் பதியும் மாற்றம்) மட்டும் மற்ற எதையும்விடக் கவனமாகப் படியுங்கள். அதில் ஒரு சாவியை நுழைத்தவருக்கு அதன்பின் எல்லாப் பேட்சும் ✓ தான்.

கேள்வி: மடல் சர்வர்கள் இடும் டிகேஐஎம் ஒப்பத்தின் சரிபார்ப்பு தானாகவே நடக்கிறதே. அது போதாதா?

பதில்: டிகேஐஎம் ஒப்பமிடுவது டொமைனின் மடல் சர்வர், ஆள் அல்ல. அந்த டொமைனில் கணக்கு வைத்திருக்கும் எல்லோருக்கும் ஒரே சாவி. கடவுச்சொல் திருட்டுப்போனால் திருடனின் மடலுக்கும் அதே ஒப்பம் கிடைக்கும். கையொப்பமே இல்லாத பேட்சுக்கு அது ஓரளவு ஆதாரம்தான். எந்த டொமைன் ஒப்பமிட்டது, அது ‘ஃப்ரம்’ முகவரியின் டொமைனோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சரிபார்ப்பின் முடிவைச் சொல்லும் ‘ஆதென்டிகேஷன்-ரிசல்ட்ஸ்’ ஹெடரைப் படிக்கும்போது உங்கள் சொந்த சர்வர் சேர்த்ததை மட்டும் நம்புங்கள். அதே பெயரில் ஒரு ஹெடரை அனுப்புபவரே முன்கூட்டி எழுதி வைத்துவிட முடியும். டிகேஐஎம் பொதுச்சாவி டிஎன்எஸ்ஸில் (டொமைன் விவரங்களின் பதிவேடு) இருப்பதால், டொமைன் அதை மாற்றி எடுத்துவிட்டால் பழைய மடலைச் சரிபார்க்கவே முடியாது. வந்த அன்றே பார்த்துப் பதிந்து வையுங்கள்.

கேள்வி: ஸ்கிரிப்ட் ஒன்று ‘ஜிபிஜி வெரிஃபை’ ஓட்டி, வெளியேறும் எண் 0 என்றால் ஏற்றுக்கொள்கிறது. சரிதானே?

பதில்: சரியில்லை, உடனே மாற்றுங்கள். முதல் கேள்வியில் சொன்ன எச்சரிக்கை வரும்போதும் அந்த எண் 0 தான். அந்தக் கணினியின் சாவிவளையத்தில் இருக்கும் எந்தச் சாவியால் ஒப்பமிட்டாலும் உங்கள் ஸ்கிரிப்ட் ஆம் என்றுவிடும்.

ஸ்கிரிப்டுகள் படிப்பதற்காக க்னூபிஜி தரும் ‘ஸ்டேட்டஸ்-எஃப்டி’ நிலை வெளியீட்டைத் தனி வாய்க்காலில் எடுத்துப் படியுங்கள். ‘வேலிட்சிக்’ என்ற வரியில் முதலில் வரும் ரேகை ஒப்பமிட்ட சாவியினுடையது, அது துணைச்சாவியாக இருக்கலாம். முதன்மைச் சாவியின் ரேகை அந்த வரியின் கடைசியில் இருக்கும், உங்கள் பட்டியலோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான். ‘எக்ஸ்ப்கீசிக்’ (காலாவதியான சாவி), ‘ரெவ்கீசிக்’ (ரத்தான சாவி), ‘பேட்சிக்’ (தவறான ஒப்பம்) எது வந்தாலும் மறுத்துவிடுங்கள். வாய்க்காலைத் தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் 2018-ல் வெளிவந்த சிவிஇ-2018-12020 என்ற பாதுகாப்பு ஓட்டை. மடலுக்குள் புதைத்த கோப்புப் பெயர் ஒன்றின் வழியாகப் போலி நிலை வரிகளை நுழைக்க முடிந்தது. க்னூபிஜி 2.2.8-ல் அது சரிசெய்யப்பட்டது.

‘ஜிபிஜிவி’ என்ற சிறு நிரல் இன்னும் எளிது. நீங்கள் காட்டும் சாவிக்கோப்பை மட்டும் பார்க்கும். காலாவதியானதா, ரத்தானதா என்று மட்டும் அது பார்க்காது, அந்தக் கோப்பை நீங்கள்தான் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மனிதர் பார்க்கும் திரைக்கும் இதே கவனம் வேண்டும். மடலின் உடலுக்குள்ளேயே பச்சைக் குறி போன்ற படத்தை வைத்து ஏமாற்றலாம், நிரலின் சொந்தப் பட்டையில் தெரிவதையே பாருங்கள். மட் என்ற மடல் நிரலின் பயனர்களுக்கு: பட்டியலில் சிறிய ‘எஸ்’ என்றால் ஒப்பம் இருக்கிறது என்று மட்டும் பொருள், சரிபார்த்து முடிந்தால்தான் பெரிய ‘எஸ்’.

கேள்வி: பேட்சைச் சேர்த்தபிறகு அந்தக் கையொப்பம் கிட் வரலாற்றில் எங்கே இருக்கும்?

பதில்: இருக்காது. ‘கிட் ஏஎம்’ மடலிலிருந்து செய்தியையும் மாற்றத்தையும் மட்டும் எடுத்துப் புது கமிட் போடுகிறது. அதனால்தான் கெர்னலில் கமிட் செய்தியின் கீழே மூல மடலின் காப்பக இணைப்பைச் சேர்க்கிறார்கள், கையொப்பத்தோடு கூடிய மடலை அங்கே போய் எடுக்கலாம். ‘புல்’ வேண்டுகோள் (தன் களஞ்சியத்திலிருந்து மாற்றங்களை எடுத்துக்கொள்ளச் சொல்வது) வேறு மாதிரி. அங்கே ஒப்பமிட்ட டேக் (பதிப்புக்கு இடும் பெயர்க்குறி) வழியாக இணைத்தால், 2012-ல் வந்த கிட் 1.7.9 முதல் அந்த ஒப்பம் இணைப்பு (மெர்ஜ்) கமிட்டுக்குள்ளேயே தங்குகிறது. ‘கிட் லாக்’ கட்டளைக்கு ‘ஷோ-சிக்னேச்சர்’ சேர்த்தால் தெரியும்.

கேள்வி: எல்லாக் கையொப்பமும் சரியாக இருந்தால் நிரலைப் படிக்காமல் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் யூடில்ஸ் மென்பொருளின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு இருப்பது 2024 மார்ச் 29 அன்று வெளியே வந்தது. அந்தக் கோப்புகளில் இருந்த கையொப்பம் போலி இல்லை. சேர்ந்து பராமரித்தவரே தன் சொந்தச் சாவியால் இட்டது, எந்தக் கருவியில் பார்த்தாலும் சரி என்றே வந்திருக்கும். பின்கதவைக் கிளப்பிய ஒரு துண்டு கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியிட்ட தொகுப்பில் மட்டும் இருந்தது. ஆகவே ஒப்பம் சரியாக இருந்தாலும், தொகுப்பையும் டேக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பேட்சைப் படியுங்கள். இந்தப் பேட்சுக்கு யார் பொறுப்பு என்பதைக் கையொப்பம் சொல்லிவிடும். அந்தப் பொறுப்பாளர் நல்லவரா என்று சொல்ல அதனிடம் எதுவுமில்லை.

கேள்வி: பழைய மடல் ஒன்றில் சாவி காலாவதி என்று வருகிறது, இன்னொன்றில் ரத்து என்று வருகிறது. இரண்டையும் தள்ளிவிடலாமா?

பதில்: காலாவதி என்றால் முதலில் சாவியைப் புதுப்பித்து இறக்குங்கள். உரிமையாளர் கெடுவை நீட்டித்திருப்பார், உங்களிடம் பழைய பிரதி இருக்கும். பெரும்பாலும் இதுதான் காரணம். ரத்து என்றால் காரணத்தைப் பாருங்கள். புதுச் சாவிக்கு மாறிவிட்டார் என்றோ பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார் என்றோ இருந்தால், அதற்கு முன் இட்ட ஒப்பங்கள் செல்லும். சாவி களவுபோனது என்று இருந்தால் முன்பு இட்டது பின்பு இட்டது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் சந்தேகியுங்கள். கையொப்பத்துக்குள் இருக்கும் தேதியை எழுதுவது ஒப்பமிடுபவரின் கணினி. திருடன் தன் கணினியின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் போதும். களவுக்கு முன்பே அந்த மடல் பொதுக் காப்பகத்தில் பதிவாகியிருந்தால், அந்தப் பதிவின் தேதியை எடுத்துக்கொள்ளலாம்.